அடாப்டர் பின்னின் நடுவில் பிளஸ்ஸா, மைனஸ்ஸா? செருகுவதற்கு முன் சரிபார்க்கும் முறை

பழைய அடாப்டர்களைப் போட்டுவைக்கும் டப்பா ஒன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன், என் டப்பாவிலிருந்து எடுத்த ஒரு ரௌட்டர் அடாப்டரை அக்கா மகளின் இசை கீபோர்டில் செருகினேன். கீபோர்டின் முதுகில் 9 வோல்ட் என்று எழுதியிருந்தது; அடாப்டரிலும் 9 வோல்ட் என்றே இருந்தது; பின்னும் அளவெடுத்துச் செய்ததைப் போல உள்ளே போய் உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டபோது கீபோர்டில் விளக்கு எரியவில்லை. அடாப்டரின் சிறு பச்சை விளக்கு மட்டும் விட்டுவிட்டு மினுக்கியது. ஜாக்கில் தொடர்பு சரியில்லை என்று நினைத்துப் பின்னைத் திருகித் திருகி நான்கைந்து முறை சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். கீபோர்டுக்கு வேண்டியிருந்தது நடுவில் எதிர்முனை. நான் கொடுத்துக்கொண்டிருந்தது நடுவில் நேர்முனை. அதன் பிறகு பேட்டரி போட்டாலும் அது எழவில்லை.

அடாப்டரின் நுனியில் உள்ள உருளை வடிவப் பின்னில் இரண்டு மின்முனைகள் உண்டு. வெளியே தெரியும் உலோகக் குழல் ஒன்று. நடுத்துளையின் உட்சுவர் மற்றொன்று. கருவியின் ஜாக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி அந்தத் துளைக்குள் நுழைகிறது. ஜாக்கின் ஓரத்தில் உள்ள தகடு வெளிக்குழலைத் தொடுகிறது. இவ்விரண்டில் எது நேர்முனை, எது எதிர்முனை என்பதைத்தான் கடைக்காரர்கள் போலாரிட்டி என்கிறார்கள். நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் பின் 5.5 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 2.1 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்டது. ரௌட்டர், கண்காணிப்பு கேமரா, செட்டாப் பாக்ஸ், எல்.இ.டி. பட்டை விளக்கு, இசைக்கருவி என எதில் வேண்டுமானாலும் அது இருக்கலாம். 9 வோல்ட்டுக்கும் அதே பின்தான், 12 வோல்ட்டுக்கும் அதே பின்தான், இரண்டு விதமான முனை அமைப்புக்கும் அதே பின்தான். ஆகவே பின் பொருந்துகிறது என்பது பின் பொருந்துகிறது என்பதற்கு மட்டுமே சான்று.

மாறிச் செருகினால் என்ன ஆகும் என்பது கருவியைப் பொறுத்தது. சாதாரண 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை எரியாமல் இருந்துவிடும். பொம்மைக் காரின் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். இவற்றில் பெரிய இழப்பு இல்லை. ஆனால் சில்லுகள் நிறைந்த பலகையின் கதை வேறு. ஐ.சி. எனப்படும் சில்லு ஒன்றின் மின்வழங்கு காலுக்கும் தரைக் காலுக்கும் (தரை என்பது சுற்று முழுவதற்கும் பொதுவான முனை) இடையே, இயல்பான நிலையில் மின்னோட்டத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும் டையோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) போன்ற அமைப்புகள் உள்ளேயே உண்டு. முனை மாறியதும் அவை திறந்துகொண்டு, அடாப்டர் தரக்கூடிய மின்னோட்டம் முழுவதையும் தம் வழியே விடுகின்றன. மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரில் மின்காப்பாக இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் தலைகீழ் மின்னழுத்தத்தில் சிதைகிறது. உள்ளே வாயு உண்டாகி, தலைப்பகுதி உப்பி, சில சமயம் வெடிக்கவும் செய்கிறது.

கருவி என்ன கேட்கிறது?

முதலில் அடாப்டரைத் தொடாமல், கருவியைத் திருப்பிப் பாருங்கள். ஜாக்கின் அருகிலோ அடிப்பக்க ஒட்டுத்தாளிலோ ஒரு சிறிய குறியீடு இருக்கும்: நடுவில் ஒரு கரும்புள்ளி, அதைச் சுற்றி ஒரு பக்கம் திறந்த வளையம், புள்ளியிலிருந்து ஒரு கோடு, வளையத்திலிருந்து ஒரு கோடு, அக்கோடுகளின் நுனியில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும். புள்ளி என்பது நடு ஊசி. வளையம் என்பது வெளிக்குழல். புள்ளியிலிருந்து புறப்படும் கோடு வளையத்தின் திறந்த வாய் வழியாக வெளியேறி எந்தக் குறியில் முடிகிறதோ அதுவே நடுமுனை. பலர் இங்கே சறுக்குவதற்குக் காரணம், கூட்டல் குறி இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்ப்பதுதான். சில நிறுவனங்கள் இடப்பக்கம் அச்சிடுகின்றன, சில வலப்பக்கம் அச்சிடுகின்றன. பக்கத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. கோட்டை விரலால் பின்தொடர்ந்து புள்ளிவரை சென்று பாருங்கள். எழுத்து பொடியாக இருந்தால் செல்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதே எளிது.

அதே இடத்தில் மின்னழுத்தமும், நேர்மின்னோட்டமா மாறுமின்னோட்டமா என்பதும் இருக்கும். ஒரு முழுக்கோடும் அதன் கீழே மூன்று சிறு கோடுகளும் இருந்தால் டி.சி.; அலை போன்ற ஒற்றைக் கோடு இருந்தால் ஏ.சி. பழைய மோடம்களிலும், சில ஒலிக்கலவைக் கருவிகளிலும் அடாப்டரே 9 வோல்ட் ஏ.சி. தரும்படி வடிவமைத்திருப்பார்கள். அவற்றுக்கு நேர்முனை, எதிர்முனை என்ற பேச்சே கிடையாது. ஆனால் அந்த அடாப்டரை டி.சி. கருவியில் செருகினால், முனை நொடிக்கு நூறு முறை மாறி மாறி அடிக்கும்.

இந்தக் கருவி இப்படித்தான் இருக்கும் என்று நினைவிலிருந்து முடிவு செய்ய வேண்டாம். ரௌட்டர், கேமரா போன்றவை நடுவில் நேர்முனை கொண்டவையாக இருப்பதே வழக்கம். மின்னணுவியல் பழகுவோர் பயன்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ பலகையும் அப்படியே, அதன் ஜாக்குக்குப் பின்னால் காப்பு டையோடும் உண்டு. இசைக்கருவிகளுக்கு வந்தால் நிலைமை மாறிவிடும். யமஹா கீபோர்டுகளுக்கான பிஏ-130 அடாப்டர் 12 வோல்ட், நடுவில் நேர்முனை. கேசியோவின் பழைய கீபோர்டுகளுக்கு வந்த ஏடி-5 அடாப்டர் 9 வோல்ட், நடுவில் எதிர்முனை. அதே நிறுவனத்தின் பிற்காலக் கீபோர்டுகளுக்கான ஏடி-இ95100எல் அடாப்டர் 9.5 வோல்ட், நடுவில் நேர்முனை. ஒரே நிறுவனத்தின் இரண்டு கீபோர்டுகளுக்குள்ளேயே அடாப்டரை மாற்றிப் போடக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு தேவையில்லை.

கிடாரின் ஒலியை மாற்ற, காலால் மிதித்து இயக்கும் கிடார் பெடல்களில் 9 வோல்ட், நடுவில் எதிர்முனை என்பது பாஸ் நிறுவனப் பெடல்களின் வழியாக ஏறத்தாழ எல்லோரும் பின்பற்றும் வழக்கமாகிவிட்டது. இது கிறுக்குத்தனமாகத் தோன்றினாலும் இதற்கு ஒரு காரணம் உண்டு. பின்னைச் செருகியதும் உள்ளிருக்கும் 9 வோல்ட் பேட்டரி தானாகத் துண்டிக்கப்பட வேண்டும். அதற்கான சுவிட்ச் ஜாக்கின் ஓரத் தகட்டில்தான் அமைந்திருக்கிறது. பேட்டரியின் எதிர்முனையை ஏற்கெனவே கிடார் கம்பி செருகும் ஜாக் வழியாக இணைத்தும் துண்டித்தும் கொள்கிறார்கள். மிஞ்சியிருக்கும் நேர்முனையைத் துண்டிக்க ஓரத் தகட்டைப் பயன்படுத்தும்போது, வெளிக்குழல் நேர்முனையாகவும் நடு ஊசி எதிர்முனையாகவும் அமைந்துவிடுகின்றன.

அடாப்டரின் ஒட்டுத்தாளை எவ்வளவு நம்பலாம்?

அடாப்டரிலும் அதே புள்ளி வளையக் குறியீடு இருக்கும். மின்னழுத்தம் கருவி கேட்பதற்குச் சமமாக இருக்க வேண்டும். ஆம்பியர் கருவி கேட்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. இந்தியாவில் விற்கும் அடாப்டர்களில் ‘ஐ.எஸ்.’ என்று தொடங்கும் இந்தியத் தர எண்ணோடு ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் காணப்படும்; அது பாதுகாப்புத் தரத்தைப் பற்றியது, முனையைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஒட்டுத்தாளைப் படித்ததோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நம் ஊரில் அடாப்டர் கம்பி பின்னருகே அறுந்துபோனால் யாரும் புதிய அடாப்டர் வாங்குவதில்லை. கடையில் கொடுத்துப் புதுப் பின் வைத்துக்கொள்கிறோம். பின்னை வைத்துப் பற்றவைப்பவர் இரண்டு கம்பிகளையும் மாற்றி வைத்துவிட்டால், ஒட்டுத்தாள் சொல்வது ஒன்றாகவும் பின்னில் வருவது வேறாகவும் இருக்கும். வெள்ளைக் கோடு போட்ட கம்பிதான் நேர்முனை என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் எப்போதும் அப்படி இல்லை. முனைகளை மாற்றிக்கொள்ளக்கூடிய பல்வோல்ட் அடாப்டர்கள் இன்னும் மோசம்: அவற்றின் நுனியைக் கழற்றித் திருப்பிச் செருகினால் முனை மாறிவிடும், போன முறை எப்படிச் செருகினோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே அளந்து பார்ப்பதுதான் முடிவான சோதனை.

மல்டிமீட்டரால் அளப்பது

மஞ்சள் நிறச் சிறிய டிஜிட்டல் மல்டிமீட்டரே போதும். கறுப்புக் கம்பியை ‘காம்’ என்று எழுதிய துளையிலும், சிவப்புக் கம்பியை வோல்ட், ஓம் குறிகள் உள்ள துளையிலும் செருகுங்கள். சிவப்புக் கம்பி 10 ஆம்பியர் துளையில் இருக்கிறதா என்று இந்த இடத்தில் ஒரு கணம் நின்று பாருங்கள். அந்தத் துளையில் இருக்கும்போது மீட்டர் வெறும் கம்பித் துண்டு போலவே நடந்துகொள்ளும். அடாப்டரின் இரண்டு முனைகளையும் நேரடியாக ஒன்றோடொன்று இணைத்ததற்குச் சமம்.

குமிழியை டி.சி. வோல்ட் பகுதியில் 20 என்ற இடத்துக்குத் திருப்புங்கள். லேப்டாப் அடாப்டர் போன்ற 19, 20 வோல்ட் அடாப்டர்களுக்கு 200 என்ற இடம் ஏற்றது. அடாப்டருக்குப் போவதற்கு முன், ஒரு பென்சில் செல்லை எடுத்து அதன் குமிழ் உள்ள முனையில் சிவப்பையும் தட்டையான முனையில் கறுப்பையும் வையுங்கள். 1.5 அளவில், முன்னால் கழித்தல் குறி இல்லாமல் எண் வர வேண்டும். இந்த அரை நிமிடச் சோதனை மூன்று ஐயங்களைத் தீர்க்கிறது: கம்பிகள் சரியான துளைகளில் உள்ளன, கம்பி உள்ளே அறுந்திருக்கவில்லை, மீட்டரின் சொந்தப் பேட்டரி தீர்ந்துபோய்த் தவறான எண் காட்டவில்லை.

அடுத்து, அடாப்டரைச் சுவரில் செருகுங்கள், ஆனால் சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும். பின் எந்தக் கருவியிலும் இருக்கக்கூடாது. சிவப்பு ஊசியைப் பின்னின் நடுத்துளைக்குள்ளும், கறுப்பு ஊசியை வெளிக்குழலின் பக்கவாட்டிலும் வைத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரைச் சுவிட்ச் போடச் சொல்லுங்கள். 12.1 போல வெறும் எண் வந்தால் நடுவில் நேர்முனை. எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறியோடு வந்தால் நடுவில் எதிர்முனை. முள் உள்ள பழைய மீட்டராக இருந்தால், எதிர்முனையில் முள் பூஜ்யத்துக்கு இடப்புறம் உதைத்துக்கொள்ளும். அப்போது உடனே எடுத்துவிட வேண்டும்.

நடைமுறையில் சிக்கல் என்னவென்றால், மீட்டர் ஊசியின் நுனி தடிமனாக இருந்தால் 2.1 மில்லிமீட்டர் துளைக்குள் போகாது, அழுத்தினால் வழுக்கிச் சென்று துளையின் விளிம்பையும் வெளிக்குழலையும் ஒருசேரத் தொடும். கேமரா பொருத்துபவர்கள் பயன்படுத்தும், பின்னால் இரண்டு திருகுகள் கொண்ட பச்சை நிற டி.சி. ஜாக் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும். சென்னை ரிச்சி தெருவிலோ, உங்கள் ஊரில் கேமரா உதிரிகள் விற்கும் கடையிலோ எளிதாகக் கிடைக்கும். அடாப்டர் பின்னை அதில் செருகிவிட்டு இரண்டு திருகுகளின் தலையில் ஊசிகளை வைத்தால் போதும். ஒரு எச்சரிக்கை: அந்த ஜாக்கில் திருகுகளுக்கு அருகே கூட்டல், கழித்தல் என்று அச்சிட்டிருப்பார்கள். உங்கள் அடாப்டரின் முனைகளை அது அறியாது. கூட்டல் குறி உள்ள திருகு நடு ஊசியோடு இணைந்திருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள்.

எண்ணையும் பாருங்கள். எடை குறைந்த இக்கால அடாப்டர்கள் ஒட்டுத்தாளில் உள்ள மின்னழுத்தத்தை ஒட்டியே காட்டும். கல்லைப் போலக் கனக்கும் பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டர் 9 வோல்ட் என்று எழுதிவிட்டு 12, 13 வோல்ட் காட்டினால் அது பழுது அல்ல. அவற்றுள் பல சீராக்கப்படாதவை, சுமை ஏதும் இல்லாதபோது கெபாசிட்டர் அலையின் உச்சிவரை ஏறி நிற்கிறது. ஆனால் சீரான 9 வோல்ட் மட்டுமே கேட்கும் கருவிக்கு அத்தகைய அடாப்டரைக் கொடுக்காதீர்கள்.

டி.சி. அளவில் பூஜ்யத்துக்கு அருகே எண் ஊசலாடினால், அடாப்டர் செத்திருக்கலாம், அல்லது ஏ.சி. தரும் அடாப்டராக இருக்கலாம், குமிழியை ஏ.சி. 200 அளவுக்கு மாற்றிப் பாருங்கள். வரிசையை மாற்றி முதலில் ஏ.சி. அளவில் பார்க்காதீர்கள்: மலிவான மீட்டர்கள் பல டி.சி. முனைகளில் ஏ.சி. அளவை வைத்தாலும் ஏறத்தாழ இரு மடங்கு எண் ஒன்றைக் காட்டி ஆளை ஏமாற்றும்.

லேப்டாப் பின்கள் தனி வகை. டெல், எச்.பி. நிறுவனங்களின் 7.4 மில்லிமீட்டர் பின்னின் நடுவே தெரியும் மெல்லிய கம்பி மின்வழங்கு முனை அல்ல. அடாப்டரை அடையாளம் காட்டும் சைகைக் கம்பி. குழலின் உட்புறம் நேர்முனை, வெளிப்புறம் எதிர்முனை. நடுக்கம்பியில் ஊசியை வைத்து அளந்தால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

மீட்டர் இல்லாதவர்களுக்கு

சிவப்பு எல்.இ.டி. ஒன்று, பச்சை எல்.இ.டி. ஒன்று, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, மேலே சொன்ன பச்சை ஜாக் ஒன்று. இரண்டு எல்.இ.டி.களையும் ஒன்றின் நீண்ட கால் மற்றதன் குட்டைக் காலோடு சேருமாறு தலைகீழாக இணையுங்கள். இந்தச் சோடியின் ஒரு முனையை ரெசிஸ்டர் வழியாக நடு ஊசிக்கான திருகிலும், மறுமுனையை மற்றொரு திருகிலும் மாட்டுங்கள். ரெசிஸ்டர் இருக்கும் பக்கம் பச்சையின் நீண்ட கால் வரும்படி அமைத்தால், நடுவில் நேர்முனை உள்ள அடாப்டரைச் செருகும்போது பச்சையும், எதிர்முனை உள்ளதற்குச் சிவப்பும், ஏ.சி. அடாப்டருக்கு இரண்டும் எரியும். 12 வோல்ட்டுக்கு ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர்தான் ஓடும். லேப்டாப் அடாப்டர் அளவுக்கு 2.2 கிலோ ஓம் வையுங்கள். தலைகீழாக இருக்கும் எல்.இ.டி.யை எரியும் எல்.இ.டி.யே காத்துக்கொள்வது இந்த இணைப்பின் அழகு. மீட்டர் வாங்கிய பிறகும் நான் அதிகம் எடுப்பது இதைத்தான்.

இரண்டு செப்புக் கம்பிகளை உருளைக்கிழங்கில் குத்தினால் நேர்முனைக் கம்பியைச் சுற்றிப் பச்சை படரும் என்ற பழைய உத்தியும் உண்மையே. பொழுதுபோக்காகச் செய்து பார்க்கலாம்.

கருவியில் குறியீடே இல்லாவிட்டால்

ஒட்டுத்தாள் கிழிந்த கருவியின் முனையைக் கண்டுபிடிக்க, அதற்கு மின்சாரம் கொடுக்கத் தேவையில்லை. பேட்டரிகளையும் எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிட்டு, மீட்டரைப் பீப் ஒலி எழுப்பும் தொடர்புச் சோதனைக்கு மாற்றுங்கள். கருவியின் தரை முனை எங்கே வெளியே தெரிகிறது என்று பாருங்கள்: யூ.எஸ்.பி. துளையின் உலோக உறை, ஆடியோ ஜாக்கின் வெளி வளையம், நெட்வொர்க் துளையின் உலோகக் கவசம், திறந்து பார்க்க முடிந்தால் பெரிய கெபாசிட்டரில் பட்டை போட்ட பக்கத்துக் கால். ஒரு ஊசியை அங்கே வைத்து, மற்றொன்றால் மின்வழங்கு ஜாக்கின் ஓரத் தகட்டையும் நடு ஊசியையும் மாறி மாறித் தொடுங்கள். ஓரத் தகட்டில் பீப் வந்தால் நடு நேர்முனை. நடு ஊசியில் பீப் வந்தால் நடு எதிர்முனை. பேட்டரிப் பெட்டியின் சுருள்வில்லை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், ஏனெனில் பின் செருகாத நிலையில் ஜாக்கின் உள் சுவிட்ச் அதை வேறு முனையோடு இணைத்திருக்கக்கூடும். இரண்டிலுமே பீப் வராவிட்டால் வழியில் காப்பு டையோடோ மாஸ்ஃபெட் எனப்படும் மின்னணுச் சுவிட்சோ இருக்கலாம். அப்போது ஊகிக்காமல் அந்த மாதிரி எண்ணின் கையேட்டைத் தேடிப் பாருங்கள்.

முனை மாறியிருந்தால்

சரியான அடாப்டரை வாங்குவதே முதல் வழி. இரண்டாவது, முனை மாற்றும் குட்டைக் கம்பி. கிடார் உதிரிகள் விற்கும் கடைகளில் கிடைக்கும். அதைப் போட்ட பிறகு, அதன் நுனியில் மீண்டும் ஒருமுறை அளந்துவிடுங்கள். இதில் ஓர் ஆபத்து உண்டு: ஒரே அடாப்டரிலிருந்து கம்பியைப் பிரித்து, நடு நேர்முனைக் கருவி ஒன்றுக்கும் முனை மாற்றிய கம்பி வழியாக வேறொரு கருவிக்கும் கொடுப்பது தவறில்லை, இரண்டுக்கும் எதிர்முனைதான் தரை. ஆனால் தரை நேர்முனையாக உள்ள சில பழைய ஃபஸ் பெடல்களை (ஒலியைக் கரகரப்பாக்குபவை) மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் மாட்டினால், கிடார் கம்பியின் உறை வழியாகவே அடாப்டரின் நேர்முனையும் எதிர்முனையும் ஒன்றையொன்று தொட்டுவிடும்.

மூன்றாவது, கம்பியை அறுத்து மாற்றிப் பற்றவைப்பது. அடாப்டரைச் சுவரிலிருந்து முழுவதுமாக எடுத்துவிட்டு, இரண்டு கம்பிகளையும் ஒரே இடத்தில் அறுக்காமல் ஒரு சென்டிமீட்டர் முன்பின்னாக அறுத்து, சூட்டில் சுருங்கும் குழாயைத் தனித்தனியே போட்டுப் பற்றவைத்தால், பின்னாளில் உறை தேய்ந்தாலும் ஒன்றோடொன்று தொடாது. ஒட்டுத்தாளில் உள்ள பழைய குறியீட்டை அன்றே மையால் அடித்துவிடுங்கள். லேப்டாப் கம்பிகளில் இந்த வேலை வேண்டாம்.

மாறிச் செருகிவிட்டால்

சுவிட்சை அணையுங்கள், பின்னை எடுங்கள், சரியான அடாப்டரை ஓடிப்போய்ச் செருகாதீர்கள். முதலில் முகர்ந்து பாருங்கள். கருகிய வாடையோ உப்பிய கெபாசிட்டரோ இருந்தால் பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும். வாடை எதுவும் இல்லையென்றால் நம்பிக்கை உண்டு. பல கருவிகளில் ஜாக்குக்குப் பின்னால் இரு முனைகளுக்கும் குறுக்காக ஒரு டையோடு வைத்திருப்பார்கள். முனை மாறினால் அது தன் வழியே மின்னோட்டத்தை விட்டு, பலகைக்கு ஒரு வோல்ட்டுக்கு மேல் தலைகீழாகப் போகாமல் பார்த்துக்கொள்ளும். அடாப்டர் தன் காப்புச் சுற்றால் நின்று நின்று ஓடும். விளக்கு மினுக்குவதன் பொருள் அதுதான். நீண்ட நேரம் அப்படியே விட்டாலோ, என்னைப் போலத் திரும்பத் திரும்பச் சுவிட்சைப் போட்டாலோ, டையோடு சூடாகி உள்ளேயே இரு முனைகளும் ஒட்டிக்கொள்ளும். பிறகு சரியான அடாப்டரும் பேட்டரியும் அந்த ஒட்டின் வழியாகவே வடிந்துபோகும்.

அக்கா மகளின் கீபோர்டில் நடந்தது அதுவே. தொடர்புச் சோதனையில் ஜாக்கின் இரு முனைகளுக்கும் இடையே, ஊசிகளை எப்படி மாற்றி வைத்தாலும் பீப் ஒலித்தது. பலகையைத் திறந்து, கரிய டையோடின் ஒரு காலைத் தூக்கியதும் பீப் நின்றது. அந்த இடத்தில் 3 ஆம்பியர் தாங்கும் 1என்5408 டையோடு ஒன்றை, வெள்ளிப் பட்டை பழையது இருந்த பக்கமே வரும்படி வைத்துப் பற்றவைத்து, பேட்டரி போட்டுப் பார்த்தேன், விளக்கு எரிந்தது. கீபோர்டின் முதுகில் இப்போது ஜாக்குக்கு மேலே வெள்ளை நாடா ஒட்டி, நிரந்தர மையால் ‘9 வோல்ட், நடுவில் மைனஸ்’ என்று எழுதியிருக்கிறது. அக்கா மகளின் கையெழுத்து அது.